நாலு வீட்டுச் சந்தை

தோழிகளே, போன வாரம் நம்மோடு படித்தவர்களின் போன் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள், வாரச் சாமான் வாங்குவதில் காசையும் நேரத்தையும் எப்படி மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று. ஆளுக்கொன்று எழுதினீர்கள். சீட்டு எழுதாமல் கடைக்குப் போகாதே என்றாள் ஒருத்தி. பசியோடு போகாதே என்றாள் இன்னொருத்தி. பேரன் போனிலேயே எல்லாம் வரவழைத்துவிடுகிறான், எனக்கு அந்தக் கவலையே இல்லை என்று ஒருத்தி பெருமையடித்துக்கொண்டாள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. "என்னடி, ஊமையாயிட்டியா?" என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்குத் தெரிந்தது ஒரே முறை. அதை என் அம்மா கண்டுபிடித்தாள். அருமையான முறை. ஆனால் அதற்காக அவள் பட்ட அடியை விட்டுவிட்டு முறையை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. ஐப்பசி அடைமழை. அறுத்த குறுவை நெல் ஈரத்தோடு மூட்டை மூட்டையாக மில்லுக்கு வந்து இறங்கியது. அவித்துக் களத்தில் கொட்டினால் காய வெயில் இல்லை. தார்ப்பாய்க்கு அடியிலேயே புழுங்கி முளைவிட்டது. எங்கள் தெருவுக்கே அந்தப் புளித்த வாடைதான். அப்பா அந்த மில்லில் மேஸ்திரி. நெல் கெட்டால் முதலாளி அப்பாவைத் திட்டுவார். அப்பா களத்தாட்களைத் திட்டுவார். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவார்.

அவர் குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். பீடிகூடக் கிடையாது. தெருவில் எல்லோரும் "தங்கமான மனுஷன், உம் புருஷன்" என்று அம்மாவிடம் சொல்வார்கள். சொன்னவர்கள் எவரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் சந்தை. அம்மா காலையில் பஸ் ஏறிப் போய், ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, மூன்று மணி வாக்கில் இடுப்பு ஒடிய வந்து இறங்குவாள். அப்பா மில்லிலிருந்து பழைய கைத்தராசு ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தார். பித்தளைத் தட்டு, இரும்புக் கோல். சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்து, கூடத்தில் கோணியை விரித்து உட்காருவார். அம்மா வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். எடைக்கல்லை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஐம்பது கிராம் கல், நூறு கிராம் கல், கால் கிலோ கல். அந்தக் கற்களின் குளிர்ச்சி இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நிறுக்கும்போது அவர் குரலே உயராது. "புளி கால் கிலோன்னியே?" என்பார்.

"கால் கிலோதாங்க. என் கண்ணு முன்னாடிதான் நிறுத்தான்."

"அப்ப தராசு பொய் சொல்லுதா?"

அவ்வளவுதான். அடுத்தது அறை. மிளகாய்க்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று. நான் கல்லைத் திரும்பப் பெட்டியில் அடுக்குவேன். வரிசை மாறாமல் அடுக்கினால் அடி நின்றுவிடும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் வெல்லம் மழையில் நனைந்து கரைந்திருந்தது. எடை குறைந்தது. அப்பா தட்டைக் கழற்றிவிட்டுக் கோலால் அடித்தார். இடது காதுக்கு மேல் பட்டது. அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி ஜாக்கெட்டில் ஊறியது. அப்பா கோலைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மாதான் பரிமாறினாள். அன்றிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து வாய்க்கால் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அம்மா அந்த யோசனையைச் சொன்னாள். கூட மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். கடைசி வீட்டு அக்கா, நடவுக்கும் களைக்கும் போகிறவள். அப்புறம் பாயம்மா. கூத்தாநல்லூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வீட்டுக்காரர் சபுர் போயிருந்தார். அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாயம்மா நல்ல உயரம், நல்ல குரல்.

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நாம நாலு பேரும் ஒரே சந்தைக்குத்தானே போறோம்? நாலு பஸ் காசு, நாலு பேருக்கு ஒரு நாள் பொழுது. கால் கிலோ கால் கிலோவா வாங்குறதால எவனும் எடை சரியாப் போடுறதில்ல. ஒருத்தி போனாப் போதும். மண்டியில மூட்டையாப் பிடிச்சா வெலையும் கொறையும், எடையும் நிக்கும். இங்க வந்து பிரிச்சுக்குவோம். வாரத்துக்கு ஒருத்தி."

"மூட்டையத் தூக்கிட்டு பஸ்ல வர முடியுமா?" என்றார் டீச்சர்.

"என் தம்பி மாட்டு வண்டி ஞாயித்துக்கிழமை சந்தையிலேருந்து சும்மாத்தான் திரும்புது" என்றாள் பாயம்மா. "அதுல போட்டா வீட்டு வாசல்ல எறக்கிடுவான்."

கடைசி வீட்டு அக்கா சிரித்தாள். "அப்ப மாசத்துல மூணு ஞாயிறு எனக்குக் கூலி வேல பாக்கலாம்."

பாயம்மா அம்மாவைப் பார்த்தாள். "ஒனக்கு மூணு ஞாயிறு கெடைச்சா நீ என்ன பண்ணுவே தங்கச்சி?"

அம்மா அடுத்த துணியை எடுத்துக் கல்லில் அடித்தாள். கேளாத காதின் பக்கம் கேட்டாளோ என்னவோ.

முதல் வாரம் அம்மாவின் முறை. நானும் போனேன். சந்தைக்குள் இல்லாமல் பின்புறம் மண்டித் தெருவுக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே பெண்கள் அதிகம் வருவதில்லை. நாலு வீட்டுக்குச் சாமான் வேண்டும் என்று மண்டிக்காரரிடம் சொன்னாள். மிளகாய் நெடி கண்ணைக் கரித்தது. பெரிய தராசில் பருப்பு நிறுத்தவன் கால் கட்டைவிரலால் பருப்புத் தட்டின் விளிம்பை லேசாக அழுத்தினான். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

"காலை எடு" என்றாள்.

"எந்தக் காலும்மா?"

"தட்டுல வச்சிருக்கியே, அந்தக் காலு."

"நீ ஒரு கிலோ ரெண்டு கிலோ வாங்குற கிராக்கி. ஒனக்கு மண்டியில என்ன ஞாயம்?" என்று அவன் அம்மாவின் தோளில் கை வைத்துத் தள்ளினான். அம்மா பக்கத்திலிருந்த படியை எடுத்து அவன் கால் விரல் மேல் போட்டாள். இரும்புப் படி. நகம் பிய்ந்து ரத்தம் பொங்கியது. அவன் ஒற்றைக் காலில் குதித்து அம்மாவின் முடியைப் பிடிக்கப் பாய்ந்தான். மண்டிக்காரர் எழுந்து வந்து அவனை ஓங்கி ஓர் அறை விட்டார். "நாலு வீட்டுச் சாமான் வாங்க வந்த அம்மாகிட்ட உன் வேலையக் காட்டுறியா?" என்று தன் கையாலேயே நிறுத்துப் போட்டார். கூடவே ஒரு கை மல்லி சும்மா போட்டார்.

அம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. என் அம்மா ஒருவனை அடித்து நான் பார்த்தது அன்றுதான். வீட்டில் அடி வாங்குகிறவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா நிறுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. புளி பத்துப் பதினைந்து கிராம் கூடவே இருந்தது. கொடுத்த காசில் மீதியும் வந்தது. அவர் மறுபடி நிறுத்தார். பிறகு தராசை மாட்டிவிட்டு எழுந்து போனார். மறு வாரமும் அப்படியே. மில்லில் போய், "குடும்பம் நடத்தத் தெரியணும்யா, என் வீட்டுல வாராவாரம் மீதி வருது" என்று சொல்லிக்கொண்டாராம். அடித்து அடித்துத் திருத்தியதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

நாலு பேரும் முறை வைத்துப் போவதை வீட்டு ஆண்களிடம் சொல்லக்கூடாது என்று பெண்களுக்குள் பேச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேருமே பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். டீச்சர் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். கடைசி வீட்டு அக்கா வயலுக்குப் போய்விடுவாள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகப் பாயம்மா வீட்டுக்குப் போவாள். போனதும் தூங்குவாள்.

அவ்வளவுதான் தோழிகளே. மிச்சம் பிடித்த நேரத்தை வைத்து என் அம்மா செய்தது அது ஒன்றுதான். பாயம்மா வீட்டு உள்ளறையில் கோரைப்பாய் போட்டு, கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துவிட்டால் உலகம் அவளுக்கு அடைத்துவிடும். வாயைத் திறந்துகொண்டு, கட்டை போலக் கிடப்பாள். நான் பாயம்மாவோடு அடுப்படியில் இருப்பேன். அவள் எனக்கு ரவை உருண்டை தருவாள். "சத்தம் போடாத, ஒங்கம்மா தூங்கட்டும்" என்பாள். எங்கள் வீட்டில் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே கிடையாது. விளக்கு வைக்கும் முன் அவள் முதுகு தரையில் படக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கு வியாபாரம் குறைந்தது. வாரத்தின் நடுவில் கடனுக்கு வாங்க வரும் நாலு வீடு வருவதை நிறுத்திவிட்டது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் சந்தைக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும் வழியில் மில்லில் நின்று அப்பாவிடம், "இன்னிக்கு சந்தையில பாயம்மாவத்தான் பாத்தேன், ஒங்க வீட்டம்மாவக் காணலியே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டவர் என்ன நினைத்துக் கேட்டாரோ. அதற்கடுத்த ஞாயிறு வரை அப்பா எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு டீச்சரின் முறை. பாயம்மா வீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சலித்துப்போய்த் தெருவில் விளையாட வந்தேன். மில் வாசலில் அப்பா நின்றிருந்தார். "இங்க வா" என்று கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். பொரியும் கடலையும். என் வாழ்நாளில் அவர் எனக்கென்று வாங்கித் தந்தது அது ஒன்றுதான். என் தலையைத் தடவினார்.

"அம்மா எங்க?"

சந்தைக்குப் போயிருக்கு என்று சொல்லச் சொல்லியிருந்தாள் அம்மா. ஆனால் அந்தக் கை என் தலைமேல் இருந்தது. அது தடவிக்கொடுக்கும் கை என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் உண்மையைச் சொன்னேன்.

"பாயம்மா வீட்டுல படுத்திருக்கு."

தூங்குது என்று சொல்லியிருக்கலாம். அசந்து தூங்குது என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பாவுக்கு அப்படியில்லை. அவர் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்தது என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. பாயம்மா வீட்டுக்கு அவள் தம்பி வந்து போவது தெருவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் வண்டியோடு மன்னார்குடியில் இருந்தான். அதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

களத்து ஓரம் கிடந்த கடப்பாரையை எடுத்தார். மற்றொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பொரி வழியெல்லாம் சிந்தியது. பாயம்மா வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டவில்லை. கடப்பாரையைச் சந்தில் விட்டு நெம்பினார். இரண்டாவது நெம்பலில் தாழ்ப்பாள் பிய்ந்து சுவரில் போய் அடித்தது.

"எங்கடி அவன்?"

உள்ளறைக்குப் பாய்ந்தார். அங்கே அம்மா தனியாகக் கிடந்தாள். கதவு உடைந்த சத்தத்துக்குக்கூட அவள் விழிக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. அப்பா கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பத்தாயத்தின் பின்னால் பார்த்தார். பின்கதவைத் திறந்து கொல்லையைப் பார்த்தார். யாரும் இல்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் அவர் திரும்பிப் போயிருக்கலாம். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

"தூங்குறியாடி? நான் அங்க முட்டி தேய நிக்கிறேன், நீ இங்க தூங்குறியா?"

விலாவில் உதைத்தார். அம்மா சுருண்டு புரண்டு கண் விழித்தாள். எதிரே அவரைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"மணி என்னங்க?"

அவர் கடப்பாரையை ஓங்கினார். உள்ளறை வாசலில் நின்ற நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். எனக்குப் பின்னாலிருந்து பாயம்மா வந்தாள். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே பானையோடு வந்திருந்தாள். ஓங்கிய வலது கையின் மேல் கொதிக்கும் கஞ்சியை முழுதாகக் கொட்டினாள்.

அந்த மாதிரி ஓர் அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கடப்பாரை அவர் கால் மாட்டிலேயே விழுந்தது. கஞ்சி தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. தோலோடு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். விரலிலிருந்து முழங்கை வரை தோல் அப்படியே கழன்று தொங்கியது. அவர் தரையில் உருண்டார். பாயம்மா காலிப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் வீட்டுக்குள்ள வந்து என் கதவ ஒடைச்சியா? எந்திரி, பாப்போம்" என்றாள். அவள் கையும் வெந்திருந்தது. அதை அவள் அப்போது உணரவில்லை.

விலாவைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்தாள். தண்ணீர்க் குடத்தை இழுத்துவந்து அவர் கையில் ஊற்றினாள். அழவில்லை. அவருக்காகவும் அழவில்லை, தனக்காகவும் அழவில்லை.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். அவர் திரும்பி வந்ததும் மில் களத்தில் பஞ்சாயத்து. முதலாளி நாற்காலியில், மற்ற ஆண்கள் மூட்டைகள் மேல். பெண்கள் ஓரமாக நின்றோம். பாயம்மா ஆஸ்பத்திரிச் செலவைத் தர வேண்டும், கூட்டாகச் சாமான் வாங்குவதை அன்றோடு நிறுத்த வேண்டும் என்றார்கள். கதவை உடைத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முதலாளி அம்மாவைப் பார்த்தார். நல்லவர்தான் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "பொம்பளைக்குப் பகல்ல எதுக்கும்மா தூக்கம்? அதுக்குத்தானே ராத்திரின்னு ஒண்ணு இருக்கு?"

அம்மா கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள். "ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இவருக்குக் கால் அமுக்கணுங்க. மூணு மணிக்கு உங்க மில்லுச் சங்கு. எந்திரிச்சு வெந்நி போட்டு, சோறாக்கி அனுப்பணும். நடுவுல இருக்குற மூணு மணி நேரத்துல இவருக்குக் கோவம் வந்துட்டா அதுவும் இல்ல. நான் எப்பங்க தூங்குறது? நீங்க சொல்லுங்க, அந்த நேரத்துக்குத் தூங்கிக்கிறேன்."

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகும் தீர்ப்பை மாற்றவில்லை. பாயம்மா அங்கேயே முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செலவுக் காசை வைத்தாள். "இது போன தடவைக்கு. இன்னொரு தடவ அவ மேல கை பட்டா அதுக்கும் இப்பவே சேத்துக் குடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். டீச்சர், "நான் எங்க புளி வாங்கணும்னு மில்லு முடிவு பண்ண வேணாங்க" என்று சொல்லிவிட்டு முதலில் நடந்தார். மற்ற மூன்று பேரும் பின்னால் போனார்கள். நானும் போனேன். அடுத்த ஞாயிறு மண்டியில் சாமான் பிடித்தது ஆறு வீட்டுக்கு. பொங்கலுக்குள் பதினோரு வீடு. எல்லோர் சார்பிலும் அம்மாவே போக ஆரம்பித்தாள். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டார்கள்.

அப்பாவின் கை ஆறியது. ஆனால் தோல் இழுத்துப் பிடித்து, விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. முஷ்டி பிடிக்க வராது. மேஸ்திரி வேலை போய், களத்தில் ஆடு மாடு விரட்டும் வேலை கொடுத்தார்கள்.

தை மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில், கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே வந்தார். பார்த்தார். ஆணியிலிருந்து தராசுக் கோலை இடது கையால் எடுத்தார். நான் எழுந்து ஓடிப் பாயம்மாவைக் கூப்பிடுவதற்குள் அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். படுத்தபடியே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை, முறுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தாள்.

"இந்தக் கையும் வேணாமா?" என்று கேட்டாள்.

அவர் கோலைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்கப்புறம் அவர் அம்மாவை அடிக்கவில்லை. பயமா, வெட்கமா, எனக்குத் தெரியாது. அன்பு வந்துவிட்டது என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அவர் சாகும்வரை அம்மாதான் சோற்றைப் பிசைந்து உருட்டித் தட்டில் வைத்தாள். இடது கையால் எடுத்துச் சாப்பிட்டார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

பொரிப் பொட்டலத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லவில்லை. அம்மா என் வீட்டில் வந்து இருந்த கடைசி வருஷத்தில், ஒரு நாள் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கி அப்பாகிட்ட சொன்னது நான்தான்."

கேட்டிருக்காது என்று நினைத்தேன். சீப்பு சிக்கில் மாட்டி நின்றது.

"தெரியும்" என்றாள். "அந்த அறை வாசல்ல நீ பொரிப் பொட்டலத்தோட நின்னியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைக் கேட்கவிடவில்லை.

"நீ சொல்லலைன்னா அவரு அங்க வந்திருக்க மாட்டாரு. வந்திருக்கலைன்னா அந்தக் கை நல்லா இருந்திருக்கும்" என்றாள். "நல்லா இருந்திருந்தா நான் இருந்திருக்க மாட்டேன். வாரு, வாரு. நிறுத்தாத."